வாலிபால் சர்வீஸ் பயிற்சியில் பத்துக்கு எட்டு, ஆட்டத்தில் நெட்டில் முட்டுகிறது: நான் எங்கே தவறு செய்கிறேன்?

விசில்_டீச்சர் எழுதியது:

வணக்கம். நான் உடற்கல்வி ஆசிரியை, வேலைக்கு வந்து இது இரண்டாவது வருடம். ஒரு விஷயம் மூன்று மாதமாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது. இங்கே அனுபவசாலிகள் நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன்.

பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், மொத்தம் 38 பேர். வாரத்துக்கு இரண்டு பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்று பெயர், வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு முடித்தால் மிஞ்சுவது 32. ஆறு பந்து, ஒரே ஒரு நெட். வாலிபால் சர்வீஸ் சொல்லிக் கொடுக்கிறேன். எனக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தார்களோ அப்படியேதான் நானும் செய்கிறேன். முதலில் நானே போட்டுக் காட்டுவேன், அப்புறம் பந்து இல்லாமல் கையை மட்டும் வீச வைப்பேன், அப்புறம் பந்தை மேலே தூக்கிப் போடுவது மட்டும், கடைசியில் எல்லாம் சேர்த்து. ஆளுக்குத் தொடர்ந்து பத்து சர்வீஸ். ஒவ்வொரு சர்வீஸுக்கும் பக்கத்தில் நின்று திருத்துவேன்: முழங்கை இறங்குகிறது, மணிக்கட்டு தளர்கிறது, இடது காலை முன்னே வை, இடுப்பைத் திருப்பு.

முன்னேற்றம் நன்றாகத்தான் தெரிகிறது. நோட்டில் எழுதி வைக்கிறேன், ஆரம்பத்தில் பத்துக்கு இரண்டு போட்டவர்கள் மூன்றாம் வாரம் ஏழு, எட்டு போடுகிறார்கள். சரி, ஆட விடலாம் என்று இரண்டு அணியாகப் பிரித்து விட்டால் எல்லாம் காற்றில் போகிறது. பந்து நெட்டில் முட்டுகிறது, இல்லாவிட்டால் பக்கவாட்டில் பறக்கிறது. அடுத்த வாரம் வரிசையில் நிறுத்தினால் முன்பு வந்ததும் வருவதில்லை, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு பெண் இருக்கிறாள். சும்மா விளையாட்டாகப் பந்தைத் தூக்கி எறியும்போது கை அவ்வளவு அழகாகச் சுழலும். நான் பக்கத்தில் போய் நின்றதும் தன் முழங்கையையே திரும்பிப் பார்க்கிறாள், பந்து தலைக்குப் பின்னால் விழுகிறது. போன வாரம் கேட்டாள்: “டீச்சர், நான் எதைப் பார்க்கணும், கையையா பந்தையா?” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பத்து சர்வீஸை இருபதாக்கினால் சரியாகுமா? தசைக்கு நினைவு ஏறும் வரை திரும்பத் திரும்பப் போட வைப்பதுதான் வழி என்று கூட வேலை செய்யும் ஒருவர் சொல்கிறார்.


பழைய_கோர்ட் எழுதியது:

டீச்சர், இருபதாக்காதீர்கள். பிள்ளைகளிடம் பெரிய குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்களை ஏமாற்றுவது அந்த நோட்டு.

தொடர்ந்து பத்து சர்வீஸ் போடும் பிள்ளை உண்மையில் என்ன செய்கிறது என்று கவனித்துப் பாருங்கள். முதல் பந்து நெட்டில் படும். இரண்டாவதில் கொஞ்சம் பலம் கூட்டும், அது எல்லையைத் தாண்டிப் போகும். மூன்றாவதில் கொஞ்சம் குறைக்கும். நான்கிலிருந்து பத்து வரை புதிதாக எதையும் யோசிப்பதில்லை, மூன்றாவதைக் கொஞ்சம் நகலெடுத்துக்கொண்டே போகிறது. விடை கையிலேயே இருக்கிறது, அதையே ஏழு தடவை எழுதுகிறது, நீங்களும் எழுதியதை எண்ணி எட்டு மதிப்பெண் போடுகிறீர்கள். ஆட்டத்திலோ ஆறு பேர் சுற்றி வர வேண்டும், அதுவரை பாஸ் எடுத்து, விழுந்து எழுந்து, யாரோடாவது முட்டிக்கொண்டு, அப்புறம்தான் முறை வரும். விசில் ஊதியதும் 8 நொடிக்குள் அடிக்க வேண்டும். அங்கே அவர்கள் போடுவது பெரும்பாலும் முதல் சர்வீஸ்தான். பத்தாவது சர்வீஸ் என்று ஒன்று வாலிபாலில் அநேகமாகக் கிடையாது.

அதனால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த பீரியடில் ஒவ்வொருவரும் போடும் முதல் சர்வீஸை மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள். அந்த எண்ணிக்கை ஆட்டத்தில் வருவதற்குப் பக்கத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. 1979-இல் ஷே, மார்கன் என்ற இருவர் சோதித்துப் பார்த்தார்கள். கையில் ஒரு டென்னிஸ் பந்தைப் பிடித்துக்கொண்டு சின்னச் சின்னத் தடுப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் வேகமாகத் தட்டிவிட வேண்டும், அதில் மூன்று வகை. ஒரு குழு முதல் வகையை முழுதாக முடித்துவிட்டு இரண்டாவது, அதையும் முடித்துவிட்டு மூன்றாவது. இன்னொரு குழுவுக்கு மூன்றையும் கலந்து கொடுத்தார்கள், அடுத்து எது வரும் என்று தெரியாது. பயிற்சி நேரத்தில் கலந்து செய்தவர்கள் பின்தங்கித்தான் இருந்தார்கள். பத்து நிமிடம் கழித்தும் பத்து நாள் கழித்தும் சோதித்தபோது அவர்கள்தான் முன்னே. 1986-இல் பேட்மின்டன் சர்வீஸில், புதிதாகக் கற்கும் பெண்களிடம் இதையே செய்தார்கள்: குட்டை, நீளம், தட்டையாக விரைவது என்று மூன்று வகை. கலந்து பயின்றவர்கள் பிறகு நடந்த சோதனையில் மட்டுமில்லாமல், பழகாத பக்கத்திலிருந்து போடச் சொன்னபோதும் நன்றாகப் போட்டார்கள். 1994-இல் கல்லூரி பேஸ்பால் அணி ஒன்றில் ஆறு வாரம் கூடுதல் பேட்டிங் பயிற்சி. 45 பந்து, மூன்று வகை, ஒரு குழுவுக்கு 15, 15, 15 என்று வகை வகையாக, ஒரு குழுவுக்குக் கலந்து. வகை வகையாக ஆடியவர்கள் சுமார் 25 சதவீதம் முன்னேறினார்கள், கலந்து ஆடியவர்கள் சுமார் 57.

உங்களிடம் இருக்கும் ஆறு பந்துக்கு நான் செய்வது இதுதான். இந்தப் பக்கம் மூன்று வரிசை, அந்தப் பக்கம் மூன்று வரிசை. ஆளுக்கு ஒரே ஒரு சர்வீஸ். போட்டதும் நெட்டைச் சுற்றி எதிர்ப்பக்கம் ஓட வேண்டும், அங்கே கோர்ட்டுக்குள் நின்று வருகிற ஒரு பந்தை இரண்டு கையால் பாஸ் எடுக்க வேண்டும், பந்தைப் பொறுக்கி வரிசைக்குக் கொடுத்துவிட்டு அந்த வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். திரும்ப முறை வரும்போது நீங்கள் சொல்லும் இடம் மாறியிருக்கும்: முன்னால், பின்னால், இடது மூலை, வலது மூலை. மொத்த எண்ணிக்கை குறையும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வரிசையில் வாய் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரமும் குறையும், அது தனி லாபம்.

ஒரு எச்சரிக்கை. முதல் இரண்டு வாரம் நோட்டு பயங்கரமாக இருக்கும், பிள்ளைகளும் “பழைய மாதிரியே பண்ணலாம் டீச்சர், அதுதான் நல்லா வந்துச்சு” என்பார்கள். மனித மனம் அப்படித்தான். 1978-இல் பிரிட்டிஷ் தபால்காரர்களுக்குத் தட்டச்சுப் பலகை பழக்கினார்கள். தினம் ஒரு மணி நேரம் பழகியவர்கள் மிகக் குறைந்த மணிக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள், தினம் நான்கு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்குக் கூடுதல் மணிகள் தேவைப்பட்டன. யாருக்குத் தங்கள் அட்டவணை பிடித்திருந்தது தெரியுமா? நான்கு மணி நேரக்காரர்களுக்கு. ஒரு மணி நேரக்காரர்களுக்குத் தாங்கள் பின்தங்கி நிற்பதாக வருத்தம்.


எதிர்க்கேள்வி எழுதியது:

பழைய_கோர்ட் சார் சொல்வதில் பாதிக்குக் கை தட்டுகிறேன், மீதிக்கு இல்லை.

கலந்து கொடுப்பது ஆய்வுக்கூடத்தில் நன்றாக வேலை செய்கிறது, அது உண்மை. மைதானத்துக்கு வந்ததும், அதுவும் சின்னப் பிள்ளைகள், புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்றால், பலன் அவ்வளவு திட்டவட்டமாக இல்லை. சில ஆய்வுகளில் இரண்டு முறைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பேஸ்பால் கணக்கை எடுத்துக்காட்டினீர்கள், ஆனால் அவர்கள் ஏற்கெனவே ஆடிப் பழகியவர்கள், கையில் அடி இருக்கிறது, எப்போது எதை எடுப்பது என்பதுதான் பிரச்சினை. பந்தை எங்கே தட்டுவது என்றே தெரியாத பிள்ளையிடம் போய் “இப்போது வலது மூலை, அடுத்து இடது மூலை” என்றால் அது எதைக் கற்கும்? தோற்பதைத்தான் கற்கும்.

ஃபிட்ஸும் போஸ்னரும் 1967-இல் சொன்ன மூன்று கட்டம் உடற்கல்விப் படிப்பில் நம்மில் பலர் மனப்பாடம் செய்ததுதான். முதலில் என்ன செய்வது என்று தலையால் யோசிக்கும் கட்டம், பிறகு இழைந்து வரும் கட்டம், கடைசியில் யோசிக்காமலே வரும் கட்டம். முதல் கட்டத்தில் இருப்பவரைப் போட்டுக் குழப்பாமல் இருப்பது நல்லது. நான் செய்வது: முதல் இரண்டு பீரியட் தொடர்ச்சியாகவே போட விடுவேன், ஆனால் பத்து இல்லை, நான்கோ ஐந்தோ. ஐந்து பந்தில் குறைந்தது இரண்டு நெட்டைத் தாண்டினால் அந்தப் பிள்ளை கலப்புக்குப் போகலாம். தாண்டாதவர்கள் அங்கேயே இன்னும் கொஞ்சம் நிற்கட்டும். 38 பேரும் ஒரே நாளில் ஒரே மாதிரி மாற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இன்னொன்று, இதை யாரும் சொல்லவில்லை. பந்து இல்லாமல் கை வீசுவது, கை வீசாமல் பந்தைத் தூக்குவது என்று சர்வீஸைத் துண்டு போடுவதை நிறுத்துங்கள். நீச்சலில் காலை மட்டும் தனியாகப் பழகலாம், பலகையைப் பிடித்துக்கொண்டு உதைத்தால் போதும், அந்த உதை அப்படியே உதவும். சர்வீஸ் அப்படி இல்லை. பந்து எவ்வளவு உயரம் போகிறது என்பதுதான் கை எப்போது கிளம்ப வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டையும் பிரித்தால் பிள்ளை பந்தை அழகாகத் தூக்கிப் போட்டு நின்று வேடிக்கை பார்க்கும், அடிக்கப் போகிற தூக்கல் வேறு, வேடிக்கை பார்க்கிற தூக்கல் வேறு. எளிதாக்க வேண்டுமா, முழுச் செயலையே எளிதாக்குங்கள். நெட்டிலிருந்து மூன்று மீட்டர் கோட்டில் நின்று கீழ்க்கையால் தட்டட்டும், பிறகு ஓர் அடி பின்னே, பிறகு இன்னோர் அடி.


பந்து_எங்கே எழுதியது:

எனக்கு அந்தப் பெண்ணின் கேள்விதான் மனதில் நிற்கிறது. கையையா பந்தையா.

பள்ளியில் படிக்கும்போது நான் ஈட்டி எறிந்தவள். மாவட்டப் போட்டிக்கு முந்தின வாரம் ஒரு பயிற்சியாளர் வந்து, ஓட்டத்தில் கடைசி ஐந்து அடி, இடுப்பு, தோள், முழங்கை, விரல் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். அவர் சொன்னது எதுவும் தவறில்லை. போட்டி நாளில் ஓடிவரும்போது என் தலைக்குள் அந்த ஐந்தும் வரிசையாக ஓடின, மூன்று வாய்ப்பிலும் ஈட்டி பல்லாங்குழிக் காய் மாதிரிப் பக்கத்திலேயே விழுந்தது. நடக்கத் தெரிந்தவரைப் பிடித்து “எந்தக் காலை முதலில் வைக்கிறீர்கள்” என்று கேட்டால் தடுக்கி விழுவார் இல்லையா, அதுதான்.

கேப்ரியேல வுல்ஃப் என்பவர் இதைப் பற்றித்தான் பல வருடம் ஆராய்ந்தார். 1998-இல் வந்த ஒரு சோதனையில் பனிச்சறுக்குப் பழகும் இயந்திரத்தில் ஆட்களை நிறுத்தினார்கள். ஒரு குழுவிடம் “வெளிப்பக்கக் காலால் அழுத்துங்கள்” என்றார்கள். இன்னொரு குழுவிடம் “வெளிப்பக்கச் சக்கரத்தை அழுத்துங்கள்” என்றார்கள். சக்கரம் காலுக்கு நேர் கீழேதான் இருக்கிறது, செய்யும் வேலையும் ஒன்றேதான், மாறியது ஒரு சொல். சக்கரத்தை நினைத்தவர்கள்தான் நன்றாகக் கற்றார்கள். உடம்பை நினைத்தால் உடம்பு விறைக்கிறது, உடம்பு எதைச் செய்ய வேண்டுமோ அதை நினைத்தால் உடம்பே வழி கண்டுபிடித்துக்கொள்கிறது.

ஆக, அவளிடம் சொல்ல வேண்டிய பதில்: கண் பந்தில் இருக்கட்டும், நினைப்பு பந்து போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும், கையை விட்டுவிடு. “முழங்கையை உயர்த்து” என்பதற்குப் பதிலாக நான் “நெட்டுக்கு மேலே ஒரு ஜன்னல் இருக்கிறது, அதற்குள் பந்தை அனுப்பு” என்பேன். நெட்டுக்கு மேலே இரண்டு கம்பத்துக்கும் குறுக்கே ஒரு கயிறு கட்டிவிட்டால் ஜன்னலைக் கற்பனை செய்யக்கூட வேண்டாம். “மணிக்கட்டைத் தளர விடாதே” என்பதற்கு “கதவைத் தட்டுகிற மாதிரி இல்லை, கதவைத் தள்ளுகிற மாதிரி”. இப்படி ஒரே ஒரு உவமை போதும், ஒரு பீரியடுக்கு ஒன்று. அது பிடிபடவில்லை என்றால் வேறு உவமை தேடுங்கள், அதோடு இன்னொன்றைச் சேர்க்காதீர்கள்.

விதிகளை வரிசையாகச் சொல்லிக் கற்பித்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. 1992-இல் மாஸ்டர்ஸ் என்பவர் கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தட்டிவிடும் வேலையைக் கற்றுக்கொடுத்தார். ஒரு குழுவுக்கு எப்படித் தட்டுவது என்று விதிகள். இன்னொரு குழு விதி எதுவும் இல்லாமல், வாயால் எழுத்துகளை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே பழக வேண்டும், அதனால் யோசிக்கவே இடமில்லை. கடைசியில் பதற்றம் உண்டாக்கிச் சோதித்தபோது விதி தெரிந்தவர்கள்தான் தடுமாறினார்கள். உங்கள் வகுப்பில் ஆட்டம் தொடங்கினால் 37 பேர் பார்க்கிறார்கள், அதுவே பன்னிரண்டு வயதுக்குப் போதுமான பதற்றம்.

ஒவ்வொரு சர்வீஸுக்கும் திருத்துகிறீர்கள் என்றீர்களே, அதையும் குறையுங்கள். எப்போதும் சொல்லிக்கொண்டே இருந்தால் பிள்ளை தன் கையில் பட்ட உணர்வைக் கேட்காது, உங்கள் வாயைத்தான் கேட்கும், ஆட்டத்தில் உங்கள் வாய் அங்கே இருக்காது. 1990-இல் வின்ஸ்டீன், ஷ்மிட் செய்த சோதனையில் பாதித் தடவைக்கு மட்டும் முடிவைச் சொல்லப்பட்டவர்கள், எல்லாத் தடவைக்கும் சொல்லப்பட்டவர்களைவிட மறுநாள் நன்றாகச் செய்தார்கள். நான் செய்வது, பந்து போனதும் மூன்று நொடி வாயை மூடிக்கொண்டிருப்பது. அப்புறம் “எங்கே பட்டது, உள்ளங்கையிலா விரலிலா?” என்று கேட்பது. முக்கால்வாசி நேரம் பிள்ளையே சொல்லிவிடும். நன்றாகப் போட்ட பந்துக்குப் பிறகு ஒரு வார்த்தை சொன்னால் இன்னும் நல்லது, நாம் பெரும்பாலும் கெட்டதுக்கு மட்டும்தானே ஓடி வருகிறோம்.


மூன்று_மீட்டர்_கோடு எழுதியது:

எல்லோரும் பெரிய பெரிய ஆய்வு சொல்கிறீர்கள். நெட் எவ்வளவு உயரம் கட்டியிருக்கிறீர்கள் டீச்சர்? பெரியவர்களுக்கு ஆண்கள் நெட் 2.43 மீட்டர், பெண்கள் நெட் 2.24. பதினொரு வயதுக்கு இரண்டு மீட்டரே தாராளம். பந்தும் கனமாக இருந்தால் கை வலிக்கும், கை வலித்தால் பந்தைக் கண்டதும் கண்ணை மூடும், அப்புறம் எந்த உவமையும் வேலை செய்யாது. டென்னிஸில் பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் மெதுவான பந்துதான் பயன்படுத்த வேண்டும் என்று 2012 முதல் உலக அளவில் விதியே இருக்கிறது. சின்ன உடம்புக்குச் சின்ன கோர்ட். முதலில் அதைப் பாருங்கள், மற்றது பிறகு.


பழைய_கோர்ட் எழுதியது:

மூன்று_மீட்டர் சொன்னதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். எதிர்க்கேள்வி சொல்லும் “ஐந்தில் இரண்டு தாண்டினால் கலப்புக்கு” என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன், நான் பெரும்பாலும் பெரிய பிள்ளைகளோடு வேலை செய்வதால் அந்த முதல் படி மறந்துபோகிறது. ஆனால் ஒன்று, புதியவர்களுக்கும் பல தூரத்திலிருந்து போடுவது கெடுதல் செய்யாது. 1978-இல் கெர், பூத் என்ற இருவர் எட்டு வயதுப் பிள்ளைகளைத் தானியம் நிரப்பிய சின்னப் பையை ஓர் இலக்கை நோக்கி எறிய வைத்தார்கள். ஒரு குழு மூன்று அடி தூரத்திலேயே பழகியது. இன்னொரு குழு இரண்டு அடியிலும் நான்கு அடியிலும் பழகியது, மூன்று அடியில் ஒரு தடவைகூட எறியவில்லை. மூன்று அடியில் சோதித்தபோது ஜெயித்தது அந்த இரண்டாவது குழு. நீங்கள் சொல்கிற மூன்று மீட்டர் கோட்டிலிருந்து பின்னே போவதை, ஒரு தடவை முன்னே ஒரு தடவை பின்னே என்று செய்தால் அதுவே கலப்பு.


நுனிவிரல் எழுதியது:

தலைப்புக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று. தசைக்கு நினைவு ஏறும் என்ற அந்த நண்பருக்கு: தசைக்கு நினைவு இல்லை, நினைவு மூளையில்தான், சிறுமூளையும் மற்றச் சில பகுதிகளும் சேர்ந்து வைத்துக்கொள்கின்றன. ஆனால் சாதாரண ஞாபகத்திலிருந்து அது வேறு என்பது நிஜம். வலிப்புக்காக மூளையில் அறுவை செய்துகொண்டு புதிதாக எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாமல் போன ஹென்றி மோலைசன் என்பவரை பிரெண்டா மில்னர் சோதித்தார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஒரு நட்சத்திரத்தின் விளிம்பை வரைய வேண்டும். மூன்று நாளில் அவர் கை நன்றாகத் தேறிவிட்டது. ஒவ்வொரு நாளும் அவரைக் கேட்டால் இதற்கு முன் இதைச் செய்ததே இல்லை என்பார். கைக்குத் தெரிவதும் வாய்க்குத் தெரிவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும். டீச்சர்களாகிய நாம் வாய் வழியாகவே கைக்குச் சொல்லிக் கொடுக்கப் பார்க்கிறோம் பாருங்கள்.


விசில்_டீச்சர் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வந்திருக்கிறேன், மன்னிக்கவும், நடுவில் பரீட்சை வந்துவிட்டது.

முதலில் பழைய_கோர்ட் சார் சொன்னபடி முதல் சர்வீஸை மட்டும் எண்ணினேன். 38 பேரில் நெட்டைத் தாண்டி உள்ளே விழுந்தது 11. அதே பீரியடில் அவர்களுடைய பத்தில் சராசரி ஏழு. நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு வருடமாக எதைக் கொண்டாடிக்கொண்டிருந்தேன் என்று.

நெட்டை இறக்கிவிட்டேன், ஏறக்குறைய இரண்டு மீட்டர். பழைய பந்துகளில் இரண்டில் காற்றைக் கொஞ்சம் குறைத்துத் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்குக் கொடுத்தேன். ஒரு சர்வீஸ், ஓட்டம், ஒரு பாஸ் என்ற சுற்று முதல் நாள் சந்தைக்கடை ஆகிவிட்டது. இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள், ஒரு பந்து கூரை மேல் போனது. அதனால் எல்லோரும் வலமிருந்து இடமாகவே ஓட வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தேன், மூன்றாவது பீரியடில்தான் சரியானது. பிள்ளைகள் சொன்னபடியே “பழைய மாதிரி பண்ணலாம் டீச்சர்” என்றார்கள், அதே வார்த்தை. இரண்டாம் வாரம் முதல் சர்வீஸ் 13. மூன்றாம் வாரம் 12, அன்று விட்டுவிடலாமா என்றிருந்தது. பரீட்சை முடிந்து ஒன்பது நாள் இடைவெளிக்குப் பிறகு நேற்றுப் போட வைத்தேன், 21. முன்பெல்லாம் ஒரு வார விடுமுறைக்குப் பிறகு பூஜ்யத்திலிருந்து தொடங்குவோம், எண்ணிக்கையைவிட அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நெட் இறங்கியதும் இதற்கு ஒரு காரணம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்.

மூன்று நொடி வாயை மூடுவது இருக்கிறதே, அதுதான் எனக்கு மிகக் கஷ்டம். விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் ஜன்னலைச் சொன்னேன், கயிறும் கட்டினேன். முதல் தடவை பந்து கயிற்றுக்கும் மேலே போனது, “ஜன்னலை மூடிட்டீங்களா டீச்சர்” என்றாள். இரண்டாவது உள்ளே போனது. முழங்கையைப் பார்க்கவில்லை. எல்லா நாளும் அப்படி என்று சொல்ல மாட்டேன், நேற்றுக்கூட இரண்டு நெட்டில் விழுந்தது, ஆனால் விழுந்ததும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஓட ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு சிக்கல் மீதி இருக்கிறது. செய்முறைத் தேர்வில் தொடர்ந்து பத்து சர்வீஸ் போட வைத்து மதிப்பெண் போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இப்போது அதை நினைத்தாலே எரிச்சலாக இருக்கிறது. என்ன செய்யலாம்?


எதிர்க்கேள்வி எழுதியது:

பத்து சர்வீஸ் என்பதை விடாதீர்கள், மேலே இருப்பவர்கள் கேட்டால் பத்து என்று காட்டிக்கொள்ளலாம். ஐந்து பீரியடில் ஆளுக்கு இரண்டு வீதம் எடுங்கள், ஒன்று பீரியட் தொடங்கியதும், இன்னொன்று ஆட்டத்தின் நடுவில் அவர்கள் முறை வரும்போது. அது தேர்வுக் கணக்கில் போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஒளித்து வைத்து எண்ணுவது நியாயமில்லை. எழுதுவதற்கு உடம்பு சரியில்லாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒன்று எப்படியும் தினம் கிடைக்கும், நோட்டை அதன் கையில் கொடுத்துவிடுங்கள்.